கப்பல் கட்டிய கைக்குக் குடம் கட்ட உரிமையில்லையா?

வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே ஒரு காலத்தில் மரத்தை அறுத்து வளைத்து, ஆணி இறுக்கிப் பாய் விரித்துக் கப்பல் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று அன்னபூரணி. அமெரிக்கர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். ஓட்டிச் செல்லும் பொறுப்பையோ வல்வெட்டித்துறை மாலுமிகளின் கையிலேயே விட்டார். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அக்கப்பல் அத்திலாந்திக் பெருங்கடலைத் தாண்டி, மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்திற் போய் நங்கூரமிட்டது. அதைக் கட்டிய மேத்திரிமார் எந்தப் பொறியியற் கல்லூரியின் படியிலும் கால் வைத்தவர்கள் அல்லர். கண்ணும் கயிறும் கைப்பழக்கமுமே அவர்கள் கற்ற நூல்கள்.

அதே ஊரிலே, அதே கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலே, சில மாதங்களுக்கு முன் ஒரு பெட்டியும் ஒரு கிடாரமும் ஒரு செப்புச் சுருளும் செய்யப்பட்டன. செய்து முடித்த நான்காம் நாள், செய்த கைகளே அவற்றைப் பிரித்துப் போட்டன. கடல் கடக்கக் கலம் சமைத்த ஊர், வீட்டுக் கொல்லையில் தானியம் ஊற வைக்கும் கருவி சமைத்துவிட்டு அஞ்சி ஒளித்தது! ஏன் அஞ்சியது? யாருக்கு அஞ்சியது? அதைத்தான் இன்று எழுத வந்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். இவ்வெழுத்தை எழுதுபவன் குடிப்பழக்கம் உடையவன் அல்லன். குடியை வாழ்த்திப் பாடவும் வரவில்லை. எம் தெருவிலே குடியால் கெட்ட வீடுகளை எண்ண ஒரு கையின் விரல்கள் போதா. ஆயினும், ஒருவன் தன் வீட்டில், தன் தானியத்தில், தன் பாத்திரத்தில், விற்பனைக்கன்றித் தன் தேவைக்குச் செய்யும் காரியத்தைக் குற்றமாக்கி வைத்து, அதே பொருளைப் போத்தலில் அடைத்து வரி முத்திரை ஒட்டியதும் புனிதமாக்கி விடுகின்ற சட்டத்தை நியாயமென்று ஒப்ப எம் மனம் இடந்தரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கனடாவிலே குடியேறி முப்பது ஆண்டுகள் கழித்த என் சிறிய தந்தையார் மகன் ஊர் வந்திருந்தார். அங்கே தம் வீட்டு நிலவறையிலே முளைத்தானியத்திலிருந்து பியர் வடிப்பது அவருக்கு ஓய்வுநேரத் தொழில். சாறும் மாவும் தகரத்தில் அடைத்து வருவதை வாங்கித் தண்ணீர் கலக்கும் சோம்பேறி வழி அன்று. முளைகட்டி உலர்த்திய தானியத்தை உடைத்து, வெந்நீரில் ஊற வைத்து, அதன் மாவைத் தானே சர்க்கரையாக்கும் முழு வழி. அதற்கு வேண்டிய கருவிகளைக் கடையில் வாங்காமல் தம் கையாலேயே செய்து கொள்வதில்தான் அவருக்குப் பெருமை. ‘அண்ணை, எங்கள் ஊரில் கிடைக்கும் சாமானைக் கொண்டே இதைச் செய்து காட்டுகிறேன் பாருங்கள்’ என்றார். நானும் வேடிக்கை பார்க்கும் ஆவலில் உடன்பட்டேன்.

செய்துதான் காட்டினார். மீன் ஏற்றும் பழைய றெஜிபோம் பெட்டி ஒன்று, பலகைக் கூட்டோடு, கரைவலைக்காரர் ஒருவரிடம் விலைக்குக் கிடைத்தது. பனிக்கட்டி உருகாமற் காக்கும் பெட்டி வெந்நீர் ஆறாமலும் காக்கும் அல்லவா? வெப்பத்துக்கு உள்ளென்றும் வெளியென்றும் பேதமில்லை. பனி உருகிய நீர் வடிய அப்பெட்டியின் அடியில் ஏற்கெனவே ஒரு துவாரம் இருந்தது. அதிலே பித்தளைத் திருகு வாயொன்றைப் பொருத்தினார். பெட்டியின் உள்ளே, அடித்தளத்தில், அரை அங்குலச் செப்புக் குழாயைச் சதுரமாக வளைத்து வைத்தார். குழாயின் கீழ்ப்புறத்திலே ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வாளால் பாதி ஆழம் கீறினார். தானியம் மேலே நிற்கும். தெளிந்த சாறு கீறல்களின் வழியே ஊறி வாயால் இறங்கும். மூட்டுகளுக்கு ஈயம் பற்றவில்லை. கழற்றிக் கழுவ வேண்டும் என்பது ஒன்று, ஈயம் நஞ்சு என்பது மற்றொன்று.

தானியம் உமியற்றதாக இருந்தால் சாறு வடியாது. களியாகிக் கீறல்களை அடைத்துக் கொள்ளும். பார்லிக்கு அந்தத் தொல்லை குறைவு, அதன் உமியே அதற்கு வடிகட்டி. குரக்கனுக்கு என் செய்வது? ‘அரிசி ஆலையில் உமி கிடக்கிறதே!’ என்றார் என் சகோதரர். கழுவிய நெல்லுமியை இரண்டு கைப்பிடி கலந்துவிட்டால் போதுமாம். மேனாட்டில் இதே உமியைப் பையில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்களாம். நாம் அடுப்பில் எரிக்கிறோம்.

கோயில் அன்னதானத்துக்குப் பயன்பட்டு ஓரம் நெளிந்த கிடாரம் ஒன்று கொதிக்க வைப்பதற்கு வந்தது. குளிரூட்டிப் பெட்டி திருத்தும் தம்பி ஒருவரிடம் மெல்லிய செப்புக் குழாய் பதினைந்து மீற்றர் வாங்கி, எரிவாயுச் சிலிண்டரைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கினார். கொதித்த சாற்றினுள் அச்சுருளை இறக்கி, குழாயின் உள்ளே கிணற்று நீரை ஓடவிட்டால் சாறு விரைவில் ஆறும். விரைவில் ஆறினால்தான் காற்றிலுள்ள கெட்ட கிருமிகள் முந்திக்கொள்ளாமல் நல்ல நொதி இடம் பிடிக்கும். புளிக்க வைப்பதற்கு மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பரல். மூடியில் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு சிறு குழாய் நீர்ப் போத்தலுக்குள். உள்ளே எழும் வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உட்புகாது. இவ்வளவே கருவி.

வெறுந் தண்ணீரை ஊற்றித்தான் சோதித்தோம். எழுபது பாகை வெந்நீரை ஊற்றி மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து வெப்பமானியை வைத்தால் அறுபத்தெட்டு காட்டியது. அருகிருந்த ஓய்வுபெற்ற கப்பற் பொறியியலாளர் ஒருவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். தானியத்திலுள்ள மாவைச் சர்க்கரையாக்கும் நொதிப்பொருள்கள் வேலை செய்வது அறுபத்தைந்து பாகைக்கும் அறுபத்தெட்டுப் பாகைக்கும் இடையில். அறுபதுக்குக் கீழே போனால் வேலை மந்தம். எழுபத்தைந்துக்கு மேலே போனால் அவை மாண்டுவிடும். அந்த மூன்று பாகையை ஒரு மணி நேரம் பிடித்து வைப்பதற்கு மேனாட்டில் மின்சாரக் கலங்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே சூடை மீன் நாறும் பெட்டி அதைச் செய்தது.

குறை ஒன்றும் கண்டோம். எம் கிணற்று நீரே இருபத்தெட்டுப் பாகை. ஆகவே சுருள் எவ்வளவு சுற்றினாலும் முப்பதுக்குக் கீழே சாறு இறங்காது. மேனாட்டு நொதி இருபதைத் தாண்டினால் தலைவலிச் சரக்கைத் தரும். ஈரச் சாக்கைச் சுற்றி நிழலில் வைத்தால் சில பாகை குறையும். எம் பாட்டிமார் தண்ணீர்ப் பானையைக் குளிர வைத்த முறை அதுதான். நோர்வே நாட்டுக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாக வீட்டிலே பேணி வந்த ‘குவைக்’ என்னும் நொதியோ முப்பது, முப்பத்தைந்து பாகையிலும் செம்மையாக வேலை செய்கிறது. மர வளையங்களில் அதைத் தோய்த்து உலர்த்திச் சுவரில் தொங்கவிட்டு, அடுத்த வடிப்புக்கு எடுத்து வந்தார்களாம். குளிர் நாட்டுக் கமக்காரன் காத்த விதை வெப்ப நாட்டுக்குப் பொருந்துகிற விந்தையைப் பாருங்கள்! நோர்வேயிலே எம் உறவினர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கேட்டால் ஒரு கடித உறையில் வைத்து அனுப்புவார்கள்.

ஆனால் அதற்குள் கதை முடிந்தது. ஊரிலுள்ள சட்டத்தரணி நண்பர் ஒருவர் மாலையில் வந்தார். பெட்டியைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார், செப்புச் சுருளைக் கண்டதும் முகம் மாறியது. ‘உடனே பிரியுங்கள்’ என்றார்.

1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டில் உயிரோடிருக்கிறது. எத்தனையோ முறை திருத்தினார்கள். எலும்பு அதே எலும்பு. அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் செய்வது அச்சட்டத்தின்படி குற்றம். அது மட்டுமா? செய்வதற்கென்று பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதும் குற்றம். ஒரு துளி வடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தானியம் நனைந்திருக்க வேண்டியதில்லை. கருவி இருந்தது, நோக்கம் இதுதான் என்று காட்டினால் நீதவான் முன்னே கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

செப்புச் சுருளைக் கண்டு நண்பர் ஏன் அஞ்சினார் என்பதையும் கமக்கார வாசகர்களுக்காக விளக்குவோம். கசிப்பு வடிப்பவனிடத்திலும் சுருள் உண்டு. அவனுடைய சுருள் ஆவியைக் குளிர்வித்துச் சாராயமாக்குகிறது. எம் பெட்டியின் சுருளோ கொதித்த சாற்றை, அது புளிப்பதற்கு முன்பே, ஆற்றுகிறது. அந்நேரம் அதில் மதுவே கிடையாது. ஒன்று வடிப்பது, மற்றது ஆற்றுவது. வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு இது. புளிக்க வைத்த தானியச் சாற்றில் மதுசாரம் நூற்றுக்கு நாலோ ஐந்தோ. அது கள்ளின் இனம். வடித்ததோ அதன் பல மடங்கு. ஈயம் பற்றிய குழாயில் வடித்தால் நஞ்சும் சேர்கிறது. ஆனால் தேடி வரும் உத்தியோகத்தரின் கண்ணுக்குச் சுருள் சுருள்தான். சட்டத்தின் கண்ணுக்கோ அந்த வேறுபாடு தேவையே இல்லை. இரண்டும் அதற்குக் குற்றமே.

இந்தச் சட்டம் யாருடைய சட்டம்? எம் பாட்டன் செய்ததா? எம் பாராளுமன்றம் செய்ததா? ஆங்கிலேயன் எமது குடியேற்ற நாட்டுக் கருவூலத்தை நிரப்பச் செய்தது. அன்றைக்கே இந்நாட்டு மக்கள் அதனை எதிர்த்தார்கள். கள்ளுத் தவறணைகளை ஊர் ஊராகத் திறக்க வழிசெய்த அந்தத் திட்டத்துக்கு எதிராகவே 1912-இல் மதுவிலக்கு இயக்கம் தென்னிலங்கையில் கிளர்ந்தெழுந்தது. ஆட்சியாளனுக்கு மக்கள் குடிப்பது பற்றிக் கவலையில்லை. தன் கணக்கில் வராமல் குடிப்பதே அவனுக்குக் கவலை. 1948-இல் சுதந்திரம் வந்தது என்கிறார்கள். கொடி மாறியது; மதுவரிப் புத்தகம் மாறவில்லை.

சட்டத்தைத் தந்த ஆங்கிலேயனின் வீட்டிலே என்ன நடந்தது? அவன் நாட்டில் 1880-இல் கிளாட்ஸ்டன் பியர் வரியைப் புதிதாக அமைத்தபோது, வீட்டில் வடிப்பவனும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று வைத்தார். அதே விதியை 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் நீக்கிவிட்டார். அன்று முதல் ஆங்கிலக் குடியானவன் தன் சமையலறையில் விற்பனைக்கன்றித் தன் தேவைக்கு வடிக்கலாம். ஒருவரும் கதவு தட்டார். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டுப் பியருக்குக் கூட்டரசு வரியிலிருந்து விலக்களித்தது. ஒரு வீட்டில் வளர்ந்தவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு நூறு கலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் இருநூறு கலன் என்று அளவு வைத்தார்கள். கனடாவிலே என் சகோதரர் யாருடைய அனுமதியும் கேளாமல் நிலவறையில் வடிக்கிறார். சட்டம் செய்தவன் தன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அவன் நமக்குக் கட்டிய கயிற்றை நாம் பக்தியோடு பூசித்துக் கொண்டிருக்கிறோம். என்னே விந்தை!

‘இது மேனாட்டுப் பழக்கம், தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களைப் பத்துப்பாட்டின் பக்கம் திரும்ப அழைக்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதி இருக்கிறது. வலைஞர், கவனியுங்கள், மீன்பிடிப்பவர்! குத்தாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய பிழாவிலே இட்டு ஆற்றி, அதிலே முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, உறுதியான வாயுடைய சாடியிலே பச்சை நாற்றம் போக விளைய வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்த நறவை அவர்கள் விருந்தினருக்குத் தந்தார்கள் என்று புலவர் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். அதே பாட்டில் வீட்டிலே சமைத்த நெற்கள்ளுக்குத் தோப்பி என்ற பெயரும் வருகிறது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். (எமது ஊருக்கு அயலிலுள்ள தொண்டைமானாற்றின் பெயரோடு மரபு தொடர்பு கூறுவது கருணாகரத் தொண்டைமானை, இவன் வேறு, அவன் வேறு. பெயரைக் கண்டு யாரும் மயங்க வேண்டா.)

இந்த வரிசையை வேதியியல் படித்த அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏன் களியை ஆற்றிய பிறகு முளையைக் கலந்தார்கள்? கொதிக்கும் களியில் கலந்தால் முளையிலுள்ள நொதிப்பொருள் மாண்டுபோகும் என்பதனால். ஏன் அரிசியை முதலில் சமைத்தார்கள்? அரிசி மாவு பார்லி மாவைவிட உயர்ந்த வெப்பத்திலேதான் இளகும். இளகாத மாவில் நொதிப்பொருள் வேலை செய்யாது. ஏன் அகன்ற வாய்ப் பிழா? விரைவில் ஆறுவதற்காக! எம் செப்புச் சுருள் பதினைந்து மீற்றரில் செய்யும் வேலையை அந்த வலைஞர் வீட்டுப் பெண் ஒரு தட்டகலத்தில் செய்தாள். வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே தமிழன் வீட்டுக் கொல்லையில் முழுத்தானிய வடிப்புக்கான கருவித்தொகுதி இருந்தது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் கள்ளுக் குடிக்கும் பனையோலைப் பாத்திரத்துக்குப் பிளா என்று பெயர். பிழாவும் பிளாவும் ஒன்றுதானா என்பதை மொழியாராய்ச்சியாளர் தீர்க்கட்டும். எனக்குக் காது கேட்கிறது.

அந்தப் பெண்ணை இன்று உயிரோடு கொண்டுவந்தால் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அவள் குற்றவாளி. சாடியும் பிழாவும் சான்றுப் பொருள்கள்.

இன்னொரு வேடிக்கை. எம் வீடுகளில் குழந்தைக்குப் பால் மறக்கச் செய்யும் பருவத்தில் குரக்கனை ஒரு நாள் ஊற வைத்துத் துணியில் கட்டி, முளை கண்டதும் உலர்த்தி இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சுகிறோம். அதுதான் முளைத்தானியம், ஆங்கிலத்தில் மோல்ற் என்று தகரத்தில் அடைத்து விற்பது அதுவே. அந்தக் கூழ் இனிப்பதற்கும் இளகுவதற்கும் காரணம் அதே நொதிப்பொருள். உகண்டாவிலும் சாம்பியாவிலும் இதே குரக்கனை முளைகட்டி வீட்டுப் பியர் சமைக்கிறார்கள். எம் தாய்மார் பாதி வழி வரை செய்யும் அறிவியல் அது. மறுபாதி குற்றம்.

கமக்காரரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வடமராட்சி மண்ணிலே புகையிலை நட்டவனை யாரும் தொடவில்லை. அவன் தோட்டத்துக்கு மரியாதையுண்டு, கடனுண்டு, வியாபாரியுண்டு. புகையிலை சுவாசத்தைத் தின்பது உலகறிந்தது. குரக்கன் நட்டவனுக்கோ பாலர் கூழையும் நீரிழிவுக்காரரின் பிட்டையும் தவிர வேறு சந்தை இல்லை. நுவரெலியாவில் 1881-இல் வெள்ளையர் தொடக்கிய பியர்த் தொழில் இன்று பெருநிறுவனமாகிவிட்டது; அதற்கு வேண்டிய பார்லி முளை கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வெளிநாட்டுக் கமக்காரனின் தானியம் அனுமதிப்பத்திரத்தோடு புளிக்கலாம். வல்வெட்டித்துறைக் கமக்காரனின் தானியம் வீட்டிலே புளித்தால் விலங்கு!

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது, சீவல் தொழிலாளர். ‘வீட்டுக்கு வீடு வடித்தால் பனையேறிப் பிழைப்பவன் என்ன ஆவான்?’ என்று ஒரு அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவனையும் அதே சட்டந்தான் கட்டி வைத்திருக்கிறது. தன் முற்றத்துப் பனையாயினும் அனுமதியின்றிப் பாளை சீவ அவனுக்கு உரிமையில்லை. தவறணை முறை 1970-களின் தொடக்கத்தில் நீங்கிக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது அவன் வாழ்வில் ஓரளவு வெளிச்சம் விழுந்தது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். பனை அபிவிருத்திச் சபை 1978-இல் வந்தது. எம் அயலிலேயே திக்கம் வடிசாலையும் வந்தது. எனினும் மரத்தின்மேல் உயிரைப் பணயம் வைத்து ஏறுபவன் இன்னும் கீழே நிற்பவனின் தயவுக்குக் காத்திருக்கிறான். உயர்குலம் பேசிய யாழ்ப்பாணம் அவனை முற்றத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு அவன் முட்டியிலிருந்ததை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கை நாம் இன்னும் தீர்க்கவில்லை. சட்டத்தைத் திருத்துவதாயின் முதலாவது சலுகை அவனுக்கே போக வேண்டும்: தன் மரத்துக் கள்ளைத் தன் வீட்டுக்கு இறக்க அவனுக்குக் கேள்வியற்ற உரிமை. பிறகுதான் எமது பெட்டியும் கிடாரமும்.

இரண்டாவது, கசிப்பு. ‘ஒரு கதவைத் திறந்தால் மற்றக் கதவும் திறக்கும்’ என்கிறார்கள். கசிப்பை வளர்ப்பது எது? அனுமதிப்பத்திரச் சாராயத்தின் விலை ஏற ஏற, ஏழைக் குடிகாரன் பற்றைக்குள் விற்கும் போத்தலைத் தேடிப் போகிறான். தண்டனையைக் கூட்டியும் பற்றைகள் குறையவில்லை. கடல் கடந்த தமிழகத்தைப் பாருங்கள். 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராசாசி தொடங்கிய மதுவிலக்குக்கு ஓர் அறநோக்காவது இருந்தது. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதலோ அரசாங்கமே டாஸ்மாக் கடைகளைத் தனியுரிமையாக நடத்துகிறது. பனையில் இறங்கியது பாவம், ஆலையில் இறங்கியது வருமானம்! அங்கே தடையின் பெயர் மதுவிலக்கு. இங்கே தடையின் பெயர் மதுவரி. இரண்டிலும் தப்பிப் பிழைப்பது போத்தல் ஒன்றே.

வடிகலத்துக்கு விலக்கு கேட்க நாம் வரவில்லை. ஆவியாக்கிக் குளிர்விக்கும் எந்தக் கருவியும் தடையாகவே இருக்கட்டும். புளிக்க வைப்பது வேறு, வடிப்பது வேறு என்ற அந்த ஒற்றைக் கோட்டைச் சட்டத்தில் கீறுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மூன்றாவது எதிர்வாதம் என் தமக்கையார் சொன்னது. அதற்குத்தான் நான் இன்னும் முழு மறுமொழி காணவில்லை. பெட்டியைக் கண்ட அன்று அவர் சொன்னார்: ‘தம்பி, தவறணை தெருவில் இருக்கும்வரை வீட்டுக்குள் வர அதற்கு வழி தெரியாது. நீங்கள் வழி காட்டுகிறீர்கள். குடத்தை வீட்டுக்குள் வைத்தால் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தானே வளரும்?’ பெண்களின் இந்த அச்சத்தை எள்ளி நகையாட எவனுக்கும் உரிமையில்லை. நாட்கூலியைத் தவறணையில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வரும் கணவனைக் கண்டவர்கள் அவர்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அன்றாடக் கூலியைக் குடிப்பவன் தானியம் உடைத்து, அறுபத்தாறு பாகையைக் காத்து, இரண்டு மூன்று கிழமை பொறுத்திருந்து குடிக்க மாட்டான். அவனுக்குப் பொறுமை இருந்தால் அவன் குடிகாரனாகியிரான். கனடாவில் என் சகோதரர் வடித்ததில் பாதியை அயலவருக்குக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பதிலேயே காலம் போக்குகிறார். குடிப்பதைவிடக் குறிப்பேட்டில் எழுதுவது அதிகம். தமக்கையார் இதைக் கேட்டுவிட்டு, ‘உன் சகோதரனை வைத்து ஊரை அளக்காதே’ என்றார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும், வீட்டில் எது நுழையலாம் என்பதைத் தமக்கையாரும் என்னைப் போன்ற தம்பிமாரும் வீட்டிலிருந்தே வாதாடித் தீர்ப்பது ஒன்று. அதைத் தீர்க்க மதுவரி உத்தியோகத்தர் மதில் ஏறிக் குதிப்பது மற்றொன்று.

உத்தியோகம் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். உங்களிற் பலருக்கு இது சிறு விடயமாகத் தோன்றும். மொழி, நிலம், வேலை என்று பெரிய வழக்குகள் கிடக்க, கிடாரத்தைப் பற்றி எழுதுகிறானே என்று எண்ணுவீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கிய போத்தல் ஒன்று நிற்பதனால்தான் அப்படித் தோன்றுகிறது. வெளிநாடு போய்வரக்கூடியவனுக்கு ஒரு சட்டம், கொல்லையில் குரக்கன் காய வைப்பவனுக்கு வேறொரு சட்டம் என்றிருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. கருவி வைத்திருப்பதே குற்றம் என்னும் கொள்கை இருக்கிறதே, அது மதுவோடு நிற்கும் கொள்கை அன்று. கம்மாலைக்காரனின் உலையையும் திருத்துநரின் மேசையையும் ஐயத்தோடு பார்க்கப் பழக்கும் கொள்கை அது. எம் மண்ணில் அந்தப் பார்வையின் கீழ் நாம் எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதை நினைவூட்டத் தேவையில்லை. பற்றரியும் கம்பியும் சவர்க்காரமும் கூடத் தடைப்பட்டியலில் இருந்த காலத்தைக் கண்டவர்கள் நாம். அந்நாட்களில் மண்ணெண்ணெய் கலந்து மோட்டார் ஓட்டினோம். மிதிவண்டிச் சில்லின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கருவி சமைக்கும் கை எமக்கு உயிர் காத்த கை.

எமது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது பெரிதன்று. மதுவரிக் கட்டளைச் சட்டத்தில் ஒரு விலக்கு உறுப்பைச் சேர்க்கும் திருத்தத்தை முன்மொழியுங்கள். வளர்ந்த ஒருவர், தம் வீட்டில், விற்பனைக்கன்றி, ஆண்டுக்குக் குறித்த அளவுக்குள் தானியத்தையோ பழத்தையோ பதநீரையோ புளிக்க வைப்பது குற்றமாகாது. அதற்கான பாத்திரம் வைத்திருப்பதும் குற்றமாகாது. வடிகலத்துக்கு இவ்விலக்குப் பொருந்தாது. நாலு வரி. அளவைச் சிறிதாக வையுங்கள், பதிவு வேண்டுமாயின் பதிவும் வையுங்கள்; கிராம அலுவலரிடம் பெயர் கொடுக்க எமக்குத் தயக்கமில்லை. ‘வருமானம் குறையுமே’ என்று திறைசேரி முணுமுணுக்கும். பெட்டி செய்து, தானியம் உடைத்து, மூன்று கிழமை காத்திருக்கும் பொறுமையுள்ளோர் இந்நாட்டில் எத்தனை பேர் தேறுவர்? அவர்களால் திறைசேரி கவிழ்ந்துவிடும் என்றால் அது ஏற்கெனவே கவிழ்ந்த திறைசேரி.

பெட்டியின் கதை மீதி. அன்றிரவே பிரித்தோம். பித்தளை வாயைக் கழற்றி, துவாரத்துக்குப் பழைய தக்கையை வைத்துப் பெட்டியைக் கரைவலைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் விடிய அதில் பனிக்கட்டியும் மீனும் ஏறின. கிடாரம் கோயிலுக்குப் போயிற்று. செப்புச் சுருளை நிமிர்த்த முடியவில்லை; பழைய இரும்பு வாங்குபவன் நிறை பார்த்து எடுத்தான், அவனும் ஒரு முறை ஐயத்தோடு நிமிர்ந்து பார்த்தான். கீறல் போட்ட குழாய்ச் சதுரம் மட்டும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. என் சகோதரர் விடைபெறும்போது, ‘அண்ணை, சட்டம் மாறினால் ஒரு கடிதம் போடுங்கள், குவைக் அனுப்புகிறேன்’ என்றார். கடிதம் இன்னும் எழுதவில்லை.